வரத்துக்காலில் ஏழு நாள்

முதல் நாள், ஞாயிறு இரவு

மாட்டுத்தாவணியிலிருந்து காலை 7 மணிக்குக் கிளம்பினோம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம். மாணவர்கள் 46 பேர், திட்ட அலுவலர் சார், தாவரவியல் மேடம், இரவல் வாங்கிய 20 மண்வெட்டி, 12 அரிவாள், 6 கடப்பாரை, ஒரு மூட்டை கையுறை. ஒத்தக்கடை தாண்டும்போது யானைமலை பனியில் படுத்திருந்தது. மேலூர், கீழவளவு என்று போய், திருப்பத்தூருக்குச் சில கிலோமீட்டர் முன்னால் தார்ச்சாலையை விட்டு இறங்கினோம். அதன்பிறகு வழியெல்லாம் வயல்தான். சில இடங்களில் அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. சில இடங்களில் கதிர் இன்னும் தலைசாய்த்துக் காத்திருந்தது. சுவர்களில் மஞ்சுவிரட்டுச் சுவரொட்டிகள் கிழியாமல் இருந்தன.

பெண்பிள்ளைகள் 21 பேருக்குச் சமுதாயக் கூடம். பையன்களுக்கு ஊர் நாடக மேடை. சமையலுக்கு ஊரிலேயே இரண்டு அக்காக்கள் வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் கண்மாயைப் பார்க்கப் போனோம். கரையில் ஏறியதும் யாருக்கும் பேச்சு வரவில்லை. மதுரையில் வண்டியூர் கண்மாயைத் தினமும் கடந்து போகிறவள் நான். ஆனால் கரைமேல் நின்று ஒரு பக்கம் தண்ணீரையும் மறு பக்கம் அது பாயும் வயலையும் ஒரே பார்வையில் பார்த்தது இதுதான் முதல் தடவை. கரையின் நடுவில் அய்யனார் கோயில். பழைய மண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன, சிலவற்றுக்குத் தலை இல்லை. கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவை ஊராட்சித் தலைவர் அறிமுகம் செய்தார். இந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி அவர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் கையில். அவருடைய அப்பாவும் அதே வேலைதான் பார்த்தாராம்.

“தண்ணி எவ்வளவு கிடக்கு தாத்தா?” என்று கேட்டேன். மடையைக் கைகாட்டி, “ஆறு கல்லு வெளிய தெரியுது. மூணு கல்லுதான் தெரியணும்” என்றார்.

கண்மாய் பாதிதான் நிரம்பியிருக்கிறது. மேலே இருக்கிற கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கில் மறுகால் பாய்ந்தது. அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேரவில்லை. நாங்கள் வந்திருப்பது அதற்காகத்தான்.

இரண்டாம் நாள், திங்கள்

முகாம் என்றதும் கண்மாய்க்குள் இறங்கித் தூர் வாரப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தோம். தை மாதத்தில் உள்வாயில் தண்ணீர் நிற்கும், அதில் என்ன செய்ய முடியும்? எங்களுக்குக் கொடுத்தது வரத்துக்கால். மேல் கண்மாயின் கலுங்கிலிருந்து நம் கண்மாய் வரை ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு வரும் வாய்க்கால். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்பார்கள். தென்மாவட்டங்களில் இவை பெரும்பாலும் தனித்தனியாக இல்லை. ஒன்று நிரம்பி வழிவது அடுத்ததற்கு வரத்து. நடுவில் கால் அடைபட்டால் கீழே இருக்கிற அத்தனை ஊரும் காயும்.

கால் இருந்த இடத்தில் சீமைக்கருவேலம்தான் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் வேலிக்கருவை என்கிறார்கள். இரண்டு கரையிலிருந்தும் சாய்ந்து நடுவில் பின்னிக்கொண்டு, உள்ளே நாய்கூட நுழைய முடியாது.

முள் வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஊர் அண்ணன் ஒருவர் செய்து காட்டினார். இடது கையில் ஆளுயரக் கவைக்கம்பு. அதன் கவையைக் கிளையில் கொடுத்து நம்மைவிட்டு அப்பால் தள்ளி அழுத்த வேண்டும். கிளை விறைத்து நிற்கும். அப்போது வலது கையால் அடியில் சாய்வாக ஒரு போடு. விழுந்த கிளையைக் கையால் தொடக் கூடாது. அதே கவையால் சுருட்டிச் சுருட்டி ஒரு கட்டாக்கிக் கரைக்குத் தள்ள வேண்டும். முதல் அரைமணி நேரம் என் கிளைகள் எல்லாம் என் பக்கமே துள்ளின. பிறகு கை பழகியது. பழகியதும் ஒரு வேகம் வந்துவிடுகிறது. வெட்டிக்கொண்டே போகலாம் என்று தோன்றும்.

அந்த வேகத்தில்தான் தப்பு செய்தேன். கால் கண்மாயில் வந்து சேரும் முகத்துக்கு அருகில், என் முழங்கை அளவு தடிமன் உள்ள ஒரு மரம். நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து வெட்டிச் சாய்த்தோம். சாய்ந்ததும் கைதட்டினோம்.

நீர்பாய்ச்சித் தாத்தா வந்தார். திட்டவில்லை. விழுந்த மரத்திலிருந்து ஒரு பச்சைக் காயைப் பறித்தார். பக்கத்து வேலிக்கருவையிலிருந்து இன்னொரு காய். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்து, “ரெண்டும் ஒண்ணா தாயி?” என்றார்.

ஒன்று அவரைபோல நீண்டு, வெளிர் மஞ்சளாக இருந்தது. மற்றது, நான் வெட்டிய மரத்தின் காய், விதைக்கு விதை இறுகி, மணி கோத்த மாலை போல. மேல் பூச்சு சாம்பல் நிறம். அப்புறம்தான் பூவைப் பார்த்தேன். வேலிக்கருவைக்கு நீளமாகத் தொங்கும் பூ. நான் வெட்டியதில் சின்ன மஞ்சள் உருண்டைகள். முள்ளும் வெள்ளையாக, ஊசிபோல நேராக, இரண்டிரண்டாக இருந்தது. நாட்டுக்கருவை.

தாவரவியல் மேடம் காலையில் இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்பினார். காதில் விழுந்தது, கண்ணில் ஏறவில்லை. ஊராட்சி எங்களுக்கு அனுமதி கொடுத்தது சீமைக்கருவேலத்துக்கு மட்டும். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் நாட்டுக்கருவையைத் தேடி நட்டிருக்கிறார்கள். அப்படி நட்டவற்றின் விதையில் தானாக முளைத்த மரமாக இருக்கும் என்றார் தாத்தா. எட்டு வயதிருக்கும் என்றும் சொன்னார்.

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். முகாமுக்குப் போகும் வேறு கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அரிவாளைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டு காயையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

மூன்றாம் நாள், செவ்வாய்

காலையில் சார் எங்கள் எல்லோர் கையிலும் சிவப்புத் துணிக் கிழிசலைக் கொடுத்தார். நாட்டு மரம் எதைக் கண்டாலும் முதலில் துணி கட்ட வேண்டும், பிறகுதான் அரிவாள். வேம்பு, புங்கம், நாட்டுக்கருவை, ஒரு இலந்தை என்று 31 மரத்துக்குக் கட்டினோம். என் வெட்டுமரத்தின் அடிக்கட்டையிலும் ஒன்று கட்டினேன். தாத்தா வெட்டுவாயில் சாணியை அப்பி, “தளிர்த்தாலும் தளிர்க்கும்” என்றார்.

பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. ஊராட்சி ஏற்பாடு. சில பேருக்கு வருத்தம், இயந்திரம் வந்த பிறகு நமக்கு என்ன வேலை என்று. அது பெரிய மரங்களைத் தூரோடு பிடுங்கி எறிவதை நின்று பார்த்தோம். நாங்கள் நேற்று முழுக்க வெட்டியது அதற்கு ஒரு மணி நேர வேலை. அது மட்டுமா, நாங்கள் வெட்டிய அடிக்கட்டை ஒவ்வொன்றும் அடுத்த மழைக்குப் பத்துக் கிளையாக வெடிக்கும். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டுவது அதற்குக் கவாத்து செய்கிற மாதிரி. மண்ணுக்குக் கீழே ஒரு அடியாவது தோண்டி, தண்டும் வேரும் சேருகிற இடத்தைக் கெல்லி எடுத்தால்தான் அது போகும். சரி, வெட்டியதை எல்லாம் மறுபடி தோண்டினோம்.

மத்தியானத்துக்கு மேல் எங்கள் வேலை என்ன என்று தெரிந்தது. வண்டி போன தடத்தில் ஒரு காய்ந்த சாணிவரட்டி கிடந்தது. மேடம் அதைக் கையால் உடைத்தார். உள்ளே பழுப்பு விதைகள், கடிபடாமல், முழுசாக. ஓரத்தில் ஈரம் பட்ட பக்கம் நான்கு விதை முளைத்து இரண்டிரண்டு பருப்பிலை விட்டிருந்தது. ஆடும் மாடும் இனிப்புக்காகக் காயைத் தின்கின்றன. விதை வயிற்றுக்குள் போய், ஓடு இளகி, எருவோடு வெளியே வருகிறது. ஒரு சாணியிலேயே இத்தனை என்றால் ஆட்டுக்கிடை போட்ட இடத்தை நினைத்துப் பாருங்கள். ஜேசிபி வாளிக்கு இந்த விரல் உயரச் செடி தெரியாது. குனிந்து, ஒவ்வொன்றாக, வேர் அறாமல் பிடுங்க ஆள் வேண்டும். 46 பேரும் வரிசையாக உட்கார்ந்து நாற்று பறிப்பதுபோல் நகர்ந்தோம். ஈரமண்ணில் சுலபமாக வருகிறது. காய்ந்த மண்ணில் ஒரு சாண் செடிக்கு இரண்டு சாண் ஆணிவேர்.

இரவுக் கூட்டத்தில் ஒரு பையன், இந்த மரம் ஆக்சிஜனையே வெளியிடாதாமே, காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடுமாமே என்று கேட்டான். எனக்கும் வாட்ஸ்அப்பில் வந்த செய்திதான். மேடம் பொறுமையாகச் சொன்னார்: பச்சை இலை உள்ள எந்த மரமும் வெயிலில் ஆக்சிஜன் விடும். பொய்யைச் சொல்லி ஒரு மரத்தை எதிர்க்க வேண்டாம், உண்மையே போதும். 1877இல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மரம். வறண்ட நிலத்தில் ஆழமாக வேர்விட்டு, வேறு எதையும் வளர விடாமல் அடர்ந்து, நீர் வழியை அடைக்கிறது. கேட்டவன் தன் போனை எடுத்து அந்தச் செய்தியை அழித்தான்.

நான்காம் நாள், புதன்

இன்று அரைநாள்தான் வேலை. மத்தியானம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போனார்கள். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய் மூன்றும் சேர்ந்தது. 1977இல் சரணாலயம் ஆனது. பரப்பு 38.4 ஹெக்டேர்தான். பெரிய வாயிற்கதவு, டிக்கெட் என்று எதையோ எதிர்பார்த்துப் போனால், நம் ஊர்க் கண்மாய் மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் சத்தம்! கரை ஏறும் முன்பே காதை அடைத்தது. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களின் உச்சி முழுக்க வெள்ளை. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், சாம்பல் நாரை, கரண்டிவாயன். ஒரு பாம்புத்தாரா இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இரவல் பைனாகுலர் என் முறை வந்ததும் ஒரு கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சிகளை அடுக்கிய தட்டு மாதிரி கூடு. இரண்டு குஞ்சுகள். தாய் வந்து குனிந்ததும் குஞ்சு தன் அலகைத் தாயின் வாய்க்குள் விட்டு இழுத்தது. கூடு இருந்த கிளையில் வெள்ளை முட்கள், நேராக, இரண்டிரண்டாக.

அது நாட்டுக்கருவை. அங்கே தண்ணீருக்குள் நின்றவற்றில் நிறைய மரங்கள் அதேதான். வேர் மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாது. முள் இருப்பதால் பாம்பும் பூனையும் லேசில் ஏறாது. தோழி என் தோளைப் பிடித்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று பத்திரிகையில் படித்திருக்கிறேன். ஊருக்குள் ஒரு அப்பத்தாவிடம் கேட்டேன், பிள்ளைகள் வெடி கேட்டு அழ மாட்டார்களா என்று. “அழும். மத்தாப்பு கொடுப்போம். குஞ்சு கூட்டுல இருக்கையில வெடிச்சா பெத்தவ பறந்துருவாள்ல?” என்றார். வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிற குரல் அது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட வெடி இல்லை. தீபாவளிக்கு வனத்துறை ஊர்க்காரர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனி உரம் வேண்டாம் என்றும் சொன்னார்.

இதைச் சட்டம் போட்டு யாரும் செய்ய வைக்கவில்லை. நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது. நாங்கள் ஏழு நாள் செய்வதை இவர்கள் தலைமுறையாகச் செய்கிறார்கள், அதற்கு முகாம் என்று பெயர்கூட வைக்காமல்.

ஐந்தாம் நாள், வியாழன்

செடி பிடுங்குதல். கையால் பிடுங்கியே 400 மீட்டர் தாண்டிவிட்டோம். என் குதிகாலில் செருப்பைத் துளைத்து முள் ஏறியது. சமையல் அக்கா ஊக்கால் எடுத்துவிட்டார்.

வெட்டிய விறகை ஊராட்சி ஏலம் விட்டது. எடுத்தவர் கரிமூட்டம் போடுகிறவர். கணவனும் மனைவியுமாக வந்து கட்டைகளை அளவு பார்த்து நறுக்கினார்கள். விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண்ணைப் பூசி, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் புகைய விட்டால் கரி. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு மழை பொய்த்த வருடங்களில் சோறு போட்டது இந்த வேலிக்கருவைதான். அந்த அக்கா என்னிடம், “எல்லாத்தையும் அழிச்சுட்டா நாங்க எங்க போறது?” என்று கேட்டார். வரத்துக்காலிலும் கண்மாயிலும் மட்டும்தான் எடுக்கிறோம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அது அவருக்குப் போதுமான பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆறாம் நாள், வெள்ளி

இந்த முகாமிலேயே பெரிய விஷயம் இன்றுதான் தெரிந்தது.

ஊர்க் கொத்தனார் ஒருவர் டியூப் மட்டம் கொண்டுவந்தார். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறு முனையை முப்பதடி தள்ளி இன்னொருவர் பிடிக்க வேண்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை எவ்வளவு கீழே என்று அளந்தால் வாட்டம் தெரிந்துவிடும். சுத்தம் செய்த தூரம் முழுக்க அளந்து போனோம். நான் நோட்டில் குறித்தேன். கீழ்முகம் நோக்கி ஒரு அங்குலம், அரை அங்குலம் என்று தரை இறங்கிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில் திடீரென்று ஒன்றரை அடி ஏறியது.

அங்கே வயலுக்கு டிராக்டர் போக, காலுக்குக் குறுக்கே மண் கொட்டி வழி போட்டிருக்கிறார்கள். அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய். அதுவும் கால் தரையைவிட மேலே பதித்தது. கையை விட்டுப் பார்த்தோம், முக்கால்வாசி மண். மேலிருந்து வரும் வெள்ளம் இங்கே முட்டி, பக்கவாட்டில் உடைத்து ஓடையில் போய்விடுகிறது. அதாவது நாங்கள் ஒரு முள் விடாமல் எடுத்தாலும் அடுத்த மழையில் தண்ணீர் இங்கேதான் நிற்கும்.

தாத்தாவுக்கு இது முதலிலேயே தெரியுமாம். “நான் சொன்னா பங்காளிச் சண்டைம்பாங்க. நீங்க அளந்து சொல்லுங்க” என்றார். முதல் நாள் இரவு அவர் ஏன் சாரிடம் கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னார் என்பது இப்போது புரிகிறது.

சாயங்காலம் அய்யனார் கோயிலில் கூடினார்கள். விவகாரம் இருப்பதால்தான் ஊர்ப் பெயரை எங்கும் எழுதவில்லை. என் நோட்டை வாசிக்கச் சொன்னார்கள். கை நடுங்கியது. வாசித்தேன். அந்த வயல்காரர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர், “அறுப்பு மிஷின் எந்த வழியா வரும்? தலையில தூக்கிட்டுப் போகவா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, அறுப்பு முடிந்ததும் மண்ணை எடுக்கச் சம்மதம், ஊராட்சி பெரிய குழாய் இரண்டு தரை மட்டத்தில் பதித்துக் கொடுக்க வேண்டும் என்றார். மதிப்பீடு எழுதி அனுப்புகிறோம் என்றார்கள். எழுத்தில் ஒன்றும் ஆகவில்லை. அவர் சாமி முன்னால் சொன்னார், அவ்வளவுதான்.

ஏழாம் நாள், சனி

நிறைவு விழா, சான்றிதழ், படம். இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை என்பது திட்டத்தின் கணக்கு. அதில் இந்த வாரமும் சேரும். எங்கள் சட்டையில் குத்தியிருக்கும் வில்லையில் கோனார்க் கோயில் தேர்ச்சக்கரம் இருக்கிறது. அதன் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன என்று சார் பேச்சில் சொன்னார்.

கிளம்பும் முன் நான் மட்டும் காலின் முகத்துக்கு ஓடினேன். வெட்டுக்கட்டையில் சாணி காய்ந்து வெடித்திருந்தது. தளிர் எதுவும் இல்லை, ஐந்து நாளில் வராது. துணியை இறுக்கிக் கட்டினேன்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ஆறு பேர் வருவதாகப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். புதிதாக முளைக்கிற செடியைப் பிடுங்க, அப்புறம் அந்தக் குழாயைப் பார்க்க. பங்குனியில் நாட்டுக்கருவைக் காய் முற்றும், வந்தால் விதை எடுத்து வைக்கலாம் என்றார் மேடம்.

தாத்தா பஸ் வரை வந்தார். ஐப்பசியில் மேல் கண்மாய் மறுகால் பாயும் அன்று, முதல் தண்ணீருக்கு முன்னால் மண்வெட்டியோடு காலுக்குள் நடந்து வருவது அவர் வழக்கம். தண்ணீர் பின்னாலேயே வரும். வழியில் கிடக்கிற சருகையும் குச்சியையும் தள்ளிக்கொண்டே கண்மாய் வரை கூட்டி வர வேண்டும். “அந்த மேட்டைத் தாண்டிக் கூட்டிட்டு வந்து எத்தனையோ வருசம் ஆச்சு. நீயும் வா தாயி” என்றார்.

ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். தன் பேத்தியை அழைத்து, அவள் போனில் என் நம்பரைப் பதியச் சொன்னார். அவள் ‘வரத்துக்கால் அக்கா’ என்று பதிந்துகொண்டாள்.